விலாசம் தேடிய மருந்து

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள் வித்துராவில் வண்டியை நிறுத்தி ஒரு சாயா குடிப்பார்கள். பிறகு மலை ஏறிவிடுவார்கள். நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கும் வித்துராவோடு உள்ள பழக்கம் அவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்ன ஊரைச் சுற்றி இரண்டு உலகங்கள் இருக்கின்றன. ஒன்று, போணக்காடு, பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக லயங்களில் வாழ்ந்துவந்த தமிழ்க் குடும்பங்கள். மற்றொன்று, மருதாமலையில் எழும்பியிருக்கும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். எல்லோரும் 'ஐசர்' என்பார்கள். 2008ல் தொடங்கி, முதலில் நகரத்துப் பொறியியல் கல்லூரி வளாகத்தில் இடம் வாங்கி நடந்து, பிறகு இந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் முதல் இயக்குநர் வேதியியல் அறிஞர் இ.டி. ஜெம்மிஸ்.

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே குடியிருக்கிறவன் நான். ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார் என்பதால் இரண்டு பக்கத்திலிருந்தும் கேள்விகள் வரும். சில மாதங்களுக்கு முன் தோட்டத்திலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் ஒரு மலையாளப் பத்திரிகைத் துண்டைக் கொண்டுவந்தான். வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் பழகிய அவன் அம்மாவுக்கு வாயில் புற்று. மண்டலப் புற்றுநோய் மையத்தில், அதாவது நம்மவர்கள் சொல்லும் ஆர்.சி.சி.யில், வைத்தியம் நடக்கிறது. "சார், சீக்குக்குக் காரணமான ஜீனோட வாயை அடைக்குற மருந்து வந்திருக்காம்லா. அம்மைக்கு அது கிட்டுமா? இருக்குற பத்து சென்ட்டை வித்தாலும் பரவாயில்ல" என்றான். அந்த மருந்து வாய்ப் புற்றுக்கு வரவில்லை, சென்ட்டை விற்காதே, ஆர்.சி.சி. டாக்டர் சொல்கிறபடி கேள் என்று சொல்லி அனுப்பினேன். அவன் தலையாட்டினான். ஆனால், "அப்பம் பேப்பர்ல போட்டது பொய்யா?" என்ற அடுத்த கேள்வி அவன் முகத்தில் இருந்தது. பொய் இல்லை. பாதி நிஜம். மீதிப் பாதிக்கு அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. இதுபோன்ற செய்திகளை நம்பி நிலத்தையும் நகையையும் எடுத்துக்கொண்டு ஓடத் தயாராக இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல இருப்பதால், அந்த வரலாற்றை இந்த மலரில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் வாயை அடைப்பது என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வீட்டுப் பத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூலப் பதிவு சார்பதிவாளர் அலுவலகத்துப் புத்தகத்தில் இருக்கிறது. அதை யாரும் வெளியே கொண்டுபோக முடியாது. நகல் எடுத்துக்கொண்டு போய்த்தான் காரியம் நடத்துகிறோம். செல்லுக்குள்ளும் அதே ஏற்பாடுதான். டி.என்.ஏ. மூலம், ஆர்.என்.ஏ. நகல்; அந்த நகலைப் படித்து உண்டாகும் புரதம்தான் காரியம். புற்றுநோயில் சில மூலங்கள் கெட்டுப்போய், 'வளர், பெருகு, சாகாதே' என்று நகல்கள் ஓயாமல் வெளியே வந்துகொண்டிருக்கும். வழக்கமான கீமோ மருந்து அலுவலகத்துக்கே தீ வைக்கிற வேலை. பக்கத்து நல்ல கட்டடங்களும் கருகும். அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் வெந்துபோகிறது. அலுவலகத்தை விட்டுவிட்டு, கெட்ட நகலை மட்டும் வழியிலேயே பிடித்துக் கிழித்துவிட்டால் என்ன?

கிழிக்க வழியும் இருக்கிறது. ஆர்.என்.ஏ. நான்கே எழுத்துகளால் எழுதப்படுவது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு ஜோடி உண்டு. நமக்கு வேண்டாத நகலில் ஓர் இருபது எழுத்தைப் பார்த்து, அதற்கு எதிர் எழுத்துகளைக் கோத்து ஒரு சிறு சரம் செய்தால், அது போய் அந்த நகலின் மேல் பல்லோடு பல் பொருந்துவதுபோல ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தைச் செல்லின் நொதியே வெட்டிவிடும். இந்த எதிர்ச்சரத்துக்கு 'ஆன்ட்டிசென்ஸ்' என்று பெயர். இதைக் கேரளத்தில் 2021ல் ஊர் கூடிப் பணம் திரட்டிக் குழந்தைகளுக்குப் போட்ட 18 கோடி ரூபாய் ஊசியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது இல்லாத மரபணுவைக் கொண்டுபோய்க் கொடுப்பது. இது இருக்கிற மரபணுவைப் பேசவிடாமல் செய்வது.

இந்த யோசனையை முதலில் செய்துகாட்டியவர் பால் ஜாமெக்னிக். பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்காரர். 1978ல் அவரும் மேரி ஸ்டீபன்சனும் சேர்ந்து 13 எழுத்துள்ள ஒரு டி.என்.ஏ. சரம் செய்தார்கள். அதை எதன் மேல் ஏவினார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. ரௌஸ் சார்கோமா வைரஸ் என்பது கோழிக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ். 1911ல் பெய்ட்டன் ரௌஸ் கண்டுபிடித்து, பலரும் நம்பாமல், 55 வருஷம் கழித்து 1966ல் நோபல் பரிசு வாங்கிக்கொடுத்தது. கோழிச் செல்களில் அந்த வைரஸ் பெருகுவதையும், செல்கள் புற்றுச் செல்களாக மாறுவதையும் ஜாமெக்னிக்கின் 13 எழுத்து தடுத்தது. ஆக, மரபணுவின் வாயை அடைக்கும் வைத்தியம் பிறக்கும்போதே புற்றுநோயைக் குறிவைத்துப் பிறந்தது. பிறகு அது போகாத இடமெல்லாம் போய்விட்டு, புற்றுநோயிடம் வருவதற்குத்தான் இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

1978ல் அந்தக் கட்டுரையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் நியாயமானதுதான். இப்படிப்பட்ட சரத்தைச் செய்வது அப்போது தவம். எழுத்து எழுத்தாகச் சேர்க்கும் வித்தையில் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா பெரும் முன்னோடி. அவரிடம் பயின்ற மார்வின் கருத்தர்ஸ் 1981ல் புதிய வழியைக் கொண்டுவந்த பிறகுதான் இயந்திரமே சரம் கோக்கத் தொடங்கியது. அடுத்த சிக்கல், இரத்தத்தில் போட்டால் சரம் சில நிமிடங்களில் சிதைந்துபோகும். ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் எக்ஸ்டைன் 1960களிலேயே அதற்கு மருந்து வைத்திருந்தார்: முதுகெலும்பில் ஓர் ஆக்சிஜன் அணுவை எடுத்துவிட்டு அங்கே கந்தக அணுவை வைப்பது. ஓர் அணு மாறினதும் நொதிகளுக்குப் பல் இறங்கவில்லை. வேதியியல் வாத்தியாரான எனக்கு இந்த இடம் எப்போதும் பிடிக்கும். உயிரியல் மேதைகள் எல்லாம் திகைத்து நின்ற இடத்தில் கடைசியில் கதவைத் திறந்தது ஒரு கந்தக அணு.

இங்கேதான் நம் ஊர்க்காரர் ஒருவர் உள்ளே வருகிறார். முத்தையா மனோகரன். மதுரையை அடுத்த ஊரில் வளர்ந்து, அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தவர். 1881ல் தொடங்கிய அந்தக் கல்லூரியை அறியாத தமிழ்க் குடும்பம் குறைவு. அங்கிருந்து அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்குப் போய் எர்னஸ்ட் எலியலிடம் முனைவர் பட்டம் பெற்றார். எம்.எஸ்ஸி. வேதியியல் படித்த என் தலைமுறையினருக்கு எலியல் என்ற பெயர் போதும். கார்பன் சேர்மங்களின் வடிவத்தைப் பற்றி அவர் எழுதிய கனத்த புத்தகத்தைச் சுமக்காமல் நாங்கள் யாரும் தேறியதில்லை. அந்த எலியலின் மாணவர் கலிபோர்னியாவில் 'ஐசிஸ்' என்ற நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தார். ஸ்டான்லி குரூக் 1989ல் ஆன்ட்டிசென்ஸ் மருந்துக்கென்றே தொடங்கிய நிறுவனம் அது. பின்னாளில் ஒரு பயங்கரவாதக் கூட்டத்தின் பெயரும் அதே எழுத்துகளில் அமைந்துவிட, 2015ல் 'அயோனிஸ்' என்று பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. பெயர்ப் பொருத்தம் பார்க்காதவர்கள் படும் பாடு!

ஐசிஸ் கொண்டுவந்த முதல் ஆன்ட்டிசென்ஸ் மருந்து 1998ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஃபோமிவிர்சென் என்று பெயர். எய்ட்ஸ் நோயாளிகளின் கண்ணில் ஒரு வைரஸ் தொற்றிப் பார்வையைப் பறிக்கும், அதற்கான மருந்து. கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டுவிடுவதால், 'எங்கே போக வேண்டும்' என்ற கேள்வியே அதற்கு எழவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எய்ட்ஸுக்கே நல்ல மருந்துகள் வந்ததும் இதற்குத் தேவை குறைந்து சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து மறைந்தது.

புற்றுநோயில் நடந்தது வேறு கதை, வருத்தமான கதை. 'ஆப்லிமெர்சென்' என்று 18 எழுத்துச் சரம் ஒன்று. பி.சி.எல்-2 என்ற மரபணுவைக் குறிவைத்தது. சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமல் பிடித்துவைக்கும் மரபணு அது. எமனுக்கே தடையுத்தரவு வாங்கிக்கொடுக்கிற வக்கீல் மாதிரி. மெலனோமா என்னும் தோல் புற்று கண்ட 771 பேரிடம் கீமோ மருந்தோடு சேர்த்துச் சோதித்தார்கள். 2004 மே மாதம் அமெரிக்க அரசின் நிபுணர் குழு, பலன் போதவில்லை என்று கைவிரித்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2003ல், நுரையீரல் புற்றுக்கு ஐசிஸ் கொண்டுவந்த மற்றொரு சரம் கடைசிக் கட்டச் சோதனையில் தோற்றது. 2014ல் விந்துச்சுரப்பிப் புற்றுக்கான 'கஸ்டிர்சென்'னும் அதே வழியில் போயிற்று. ஒவ்வொரு தடவையும் பத்திரிகைகளில் முதலில் 'அற்புதம்' என்று கொட்டை எழுத்து. பிறகு உள்பக்கத்தில் நாலு வரி.

தோல்விக்குக் காரணம் யோசனையா, குறிவைத்த மரபணுவா, அல்லது வேறா? எனக்கு இதில் ஒரு தீர்மானமான கருத்து உண்டு. 2016ல் 'வெனட்டோகிளாக்ஸ்' என்ற மாத்திரை அனுமதி பெற்றது. ஒருவகை இரத்தப் புற்றுக்கு இன்று முக்கியமான மருந்து. அது குறிவைப்பதும் அதே பி.சி.எல்-2வைத்தான்! நகலைக் கிழிக்காமல், உண்டான புரதத்தின் மேல் போய் அடைத்துக்கொள்கிறது. மெலனோமா வேறு, இரத்தப் புற்று வேறு என்று வாதிடலாம். அதில் நியாயமும் இருக்கிறது. இருந்தாலும் ஆள் அடையாளம் தப்பு இல்லை, போய்ச் சேராததுதான் குறை என்றே எனக்குப் படுகிறது. இன்னொன்றும் உண்டு. 1995ல் ஆர்தர் கிரீக் குழுவினர், டி.என்.ஏ.யில் சில எழுத்துச் சேர்க்கைகள் தாமாகவே உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் என்று காட்டினார்கள். அதன் பிறகு, விலங்குகளில் முன்பு கண்ட பல 'வெற்றி'கள் மரபணுவின் வாயை அடைத்ததாலா, அல்லது இந்தச் சலசலப்பாலா என்ற சந்தேகம் வந்துவிட்டது. நகலைக் கிழித்ததாக நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் சில சமயம் நாய்தான் குரைத்திருக்கிறது.

இதற்கிடையில் பூந்தோட்டத்திலிருந்து ஒரு புதுச் செய்தி வந்தது. 1990ல் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஜோர்கென்சன் குழு, பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தை இன்னும் ஆழமாக்கலாம் என்று நிற மரபணுவை ஒன்று கூடுதலாகச் சேர்த்தார்கள். பூ வெள்ளையாகப் பூத்தது! கூடக் கொடுத்தால் உள்ளதும் போயிற்று. ஏன் என்று புரியாமல் எட்டு வருஷம் கிடந்தது. 1998ல் ஆண்ட்ரூ ஃபயர், கிரேக் மெல்லோ இருவரும் ஒரு நுண்புழுவை வைத்து முடிச்சை அவிழ்த்தார்கள். இரட்டை இழை ஆர்.என்.ஏ. செல்லுக்குள் வந்தால், செல் அதை எதிரியின் கடிதம் என்று எடுத்துக்கொண்டு, துண்டு துண்டாக நறுக்கி, அந்தத் துண்டையே அடையாளச் சீட்டாக வைத்துக்கொண்டு அதே வாசகம் உள்ள நகல்களையெல்லாம் தேடிப்பிடித்து வெட்டுகிறது. வெளியிலிருந்து கத்திரிக்கோல் கொண்டுபோக வேண்டியதில்லை, செல்லின் கையிலேயே இருக்கிறது என்பதுதான் செய்தி. எட்டே ஆண்டில், 2006ல், அவர்களுக்கு நோபல் பரிசு. ரௌஸ் 55 ஆண்டு காத்திருந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மனிதச் செல்லிலும் இது நடக்கும் என்று 2001ல் தாமஸ் டுஷ்ல் குழு காட்டியது. அதற்கு 21 எழுத்துத் துண்டே போதுமானதாக இருந்தது.

செல் தானே உண்டாக்கிக்கொள்ளும் குட்டி ஆர்.என்.ஏ.க்களும் உண்டு. 1993ல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்கனும் புழுவில் கண்டவை அவை. 2024ல் அவர்களுக்கும் நோபல் வந்தது. நம் வித்துரா ஐசரில் பழ ஈக்களை வைத்து ஆராயும் ஜிஷி வர்கீஸ், ஸ்டீபன் கோஹனோடு சேர்ந்து 2010ல் வெளியிட்ட ஆய்வு இப்படிப்பட்ட ஒரு குட்டி ஆர்.என்.ஏ. ஈயின் இன்சுலின் உற்பத்தியை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பதைப் பற்றியது. ஒரு காலத்தில் உலகமே வியந்த வித்தை இன்று ஆய்வுக்கூடங்களில் அன்றாடக் கருவி. எந்த மரபணு என்ன வேலை செய்கிறது என்று அறிய வேண்டுமா, அதன் வாயைக் கொஞ்ச நேரம் அடைத்துப் பார். ஈயில் அது சுலபம். மனிதரில்தான் வம்பு.

வம்பு என்னவென்றால், விலாசம். இந்தச் சரங்களை இரத்தத்தில் செலுத்தினால், விலாசம் எழுதாத தபால் எல்லாம் தலைமைத் தபால் நிலையத்தில் போய்க் குவிகிறமாதிரி, பெரும்பாலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் போய்ச் சேர்கின்றன. நுரையீரல் கட்டிக்கோ வாய்க் கட்டிக்கோ போக வேண்டியது அங்கே போவதில்லை. போனாலும் செல்லின் தோல் உள்ளே விடாது. உள்ளே இழுத்துக்கொண்டாலும் ஒரு பைக்குள் போட்டுக் கட்டிவைக்கும். அந்தப் பையை விட்டு வெளியே வருவது நூற்றில் ஒன்றோ இரண்டோ. சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ செல்களில் பாதிக்கு மருந்து எட்டினாலும் ஓரளவு பலன் கிடைக்கும். புற்றில் அப்படி இல்லை. தப்பித்த பத்துச் செல் மறுபடி ஆயிரமாகும்.

2002ல் பாஸ்டன் பக்கத்தில் 'அல்னைலம்' என்ற நிறுவனம் தொடங்கியது. ஓரியன் என்னும் வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தில் இடுப்புப் பட்டையின் நடு நட்சத்திரத்தின் பெயரைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டார்கள். 2003ல் மனோகரன் ஐசிஸை விட்டு அங்கே போனார். அவர் எடுத்துக்கொண்ட வேலை விலாசம் எழுதுவது. 2004ல் வந்த ஆய்வில், ஆர்.என்.ஏ. துண்டின் வாலில் ஒரு கொலஸ்டிரால் மூலக்கூறை ஒட்டி எலிக்குக் கொடுத்தபோது அது கல்லீரலுக்குள் நுழைந்து வேலை செய்தது. நாம் எல்லோரும் பயப்படும் கொலஸ்டிராலே வாகனம்! அடுத்து இன்னும் துல்லியமான விலாசம். கல்லீரல் செல்களின் மேல் ஒருவகைச் சர்க்கரையைப் பிடித்து உள்ளே இழுக்கும் கை ஒன்று உண்டு; கில்பர்ட் ஆஷ்வெல் போன்றவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டுசொன்னது. அந்தச் சர்க்கரையில் மூன்றை ஒரு கொத்தாகக் கட்டி ஆர்.என்.ஏ.யின் வாலில் தொங்கவிட்டார்கள். 2014ல் இதை விவரித்த கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் ஜெயப்பிரகாஷ் நாயர்; கடைசியில் மனோகரன். நம் தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகைகள் போல இருக்கின்றன அல்லவா?

அதன் பிறகு மளமளவென்று நடந்தது. 2018ல் முதல் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு மருந்து 'பட்டிசிரான்', நரம்பையும் இதயத்தையும் கெடுக்கும் ஒரு பரம்பரை நோய்க்கு வந்தது. இது கொழுப்புத் துளிக்குள் பொதிந்து அனுப்பப்படுவது. 2019ல் சர்க்கரைக் கொத்து கட்டிய முதல் மருந்து. 2020ல் ஐரோப்பாவிலும் 2021ல் அமெரிக்காவிலும், கெட்ட கொலஸ்டிராலைக் குறைக்க வருஷத்துக்கு இரண்டே ஊசி போட்டால் போதும் என்ற 'இன்கிளிசிரான்'. என் மாணவன் கொண்டுவந்த துண்டில் இருந்த 'மரபணுவின் வாயை அடைக்கும் மருந்து' இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அதனால்தான் பொய் இல்லை என்றேன். அமெரிக்காவில் பட்டிசிரானுக்கு வைத்த ஆண்டு விலை நாலரை லட்சம் டாலர். பத்து சென்ட்டை விற்றால் மட்டுமல்ல, தோட்டத்தையே விற்றாலும் யோசிக்க வேண்டிய தொகை.

கவனித்தீர்களா, எல்லாம் கல்லீரல். தபால் எப்படியும் போய்ச் சேரும் இடத்துக்கே விலாசம் எழுதி வெற்றி பெற்றிருக்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேட்டைக்காரன் முதலில் எட்டும் கிளையில்தான் கை வைப்பான்.

புற்றுநோயிடம் போனவர்களும் சும்மா இருக்கவில்லை. 2010ல் கலிபோர்னியாவின் மார்க் டேவிஸ் குழு, மெலனோமா நோயாளிகளின் இரத்தத்தில் செலுத்திய நுண்துகள் கட்டிக்குள் போய்ச் சேர்ந்ததையும், அங்கே நகல் சரியான இடத்தில் வெட்டுப்பட்டதையும் திசுவை எடுத்துக் காட்டியது. மனிதரில் இது நடக்கும் என்பதற்கு அதுவே முதல் சாட்சி. அல்னைலமும் ஒரு முயற்சி செய்தது. கல்லீரலுக்குப் பரவிய புற்றுக்காக இரண்டு மரபணுக்களை ஒருசேரக் குறிவைத்த மருந்து. 41 பேரிடம் முதற்கட்டச் சோதனை. 2013ல் முடிவு வந்தபோது, கருப்பைப் புற்று கல்லீரலுக்குப் பரவியிருந்த ஒரு நோயாளிக்குக் கட்டிகள் முழுதும் மறைந்திருந்தன. ஒருவருக்கு. 41 பேரில் ஒருவர் என்பது வீட்டாருக்குப் பெரிது, மருந்துக்கு அது போதாது. குட்டி ஆர்.என்.ஏ. ஒன்றைப் போலச் செய்து கல்லீரல் புற்று முதலானவற்றுக்குக் கொடுத்த இன்னொரு சோதனை, எதிர்ப்புச் சக்தி கட்டுமீறி உயிருக்கே ஆபத்தானதால் 2016ல் நிறுத்தப்பட்டது. இப்படிப்பட்ட சோதனைகளில் சேர்ந்து ஊசி போட்டுக்கொண்ட நோயாளிகளின் பெயர்கள் எந்தக் கட்டுரையிலும் இராது. விஞ்ஞானிகளுக்கு வைக்கும் மாலையில் ஒரு பூவாவது அவர்களுக்கு உரியது. கணையப் புற்றை வளர்க்கும் கே-ராஸ் மரபணுவை, செல்களே கழற்றிவிடும் நுண்குமிழ்களில் ஆர்.என்.ஏ.யை ஏற்றி அனுப்பி அடக்கலாம் என்று 2017ல் ராகு கல்லூரி குழு எலியில் காட்டியது. அதுவும் மனிதரில் முதற்கட்டச் சோதனைக்குச் சென்றது.

நம் நாட்டிலும் இந்தத் துறையில் ஆள் இல்லாமல் இல்லை. புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் கே.என். கணேஷ், சர்க்கரை முதுகெலும்புக்குப் பதிலாகப் புரதம் போன்ற முதுகெலும்பு கொண்ட சரங்களைப் பல ஆண்டுகள் செய்து பார்த்தவர்; பின்பு புணே ஐசரின் முதல் இயக்குநரும் ஆனார். ஆனால் ஆய்வகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே உள்ள தூரம், வித்துராவுக்கும் மெடிக்கல் காலேஜ் ஜங்ஷனுக்கும் நடுவே உள்ள 40 கிலோமீட்டரைப் போல இல்லை.

அந்த ஜங்ஷனில் இருக்கும் ஆர்.சி.சி. பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது. 1981ல் தொடங்கியது, டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர் அதன் முதல் இயக்குநர். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் காலை ரயிலில் வந்து அங்கே வரிசையில் நிற்கும் நம் மக்களைப் பார்க்காதவர்கள் உண்டா? டாக்டர் ஆர். சங்கரநாராயணனும் இந்த மையத்தினரும் 1996 முதல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, 7ல் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைத் திறந்து பார்த்தார்கள். 6ல் வழக்கம்போல விட்டார்கள். 2005ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களில் வாய்ப் புற்றால் இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. வெறும் வெளிச்சமும் கண்ணும் செய்த வேலை. மரபணு, ஆர்.என்.ஏ. என்று எழுதிக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். வாய்ப் புற்றுக்கு இன்றுவரை எந்த மரபணு வாயடைப்பு மருந்தும் அனுமதி பெறவில்லை. இது கைக்கு எட்டுகிறது. அதற்குத்தான்.

புற்றுநோய்ப் பக்கம் ஒரு சரமாவது கரை சேர்ந்ததா? சேர்ந்தது. 2024 ஜூனில் 'இமெட்டெல்ஸ்டாட்' என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எலும்பு மஜ்ஜையில் கெட்ட செல்கள் பெருகி, நல்ல இரத்தம் ஊறாமல் போகும் மைலோடிஸ்பிளாசியா என்னும் நோய்க்கு. அதிலும் அபாயம் குறைவான வகையில், இரத்தம் ஏற்றிக்கொண்டே காலம் தள்ளுகிறவர்களுக்கு. புற்றுச் செல் சாகாவரம் பெறுவது டெலோமெரேஸ் என்ற நொதியால். அந்த நொதிக்குள்ளேயே ஓர் ஆர்.என்.ஏ. அச்சு இருக்கிறது. இந்தச் சரம் அந்த அச்சின் மேல் போய் ஒட்டிக்கொண்டு நொதியை வேலை செய்யவிடாமல் அடைக்கிறது. உள்ளே நுழைய வாலில் ஒரு கொழுப்பு. முதுகெலும்பில் அதே எக்ஸ்டைனின் கந்தகம். 178 பேரிடம் நடந்த கடைசிக் கட்டச் சோதனையில், மருந்து பெற்றவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் எட்டு வாரமாவது இரத்தம் ஏற்றாமல் இருந்தார்கள். வெறும் மருந்து பெற்றவர்களில் 15 சதவீதம். வெள்ளணுவும் தட்டணுவும் குறைவது அதன் பக்கவிளைவு. நகலைக் கிழிக்காமல் அச்சை அடைப்பதால், கறாராகப் பார்த்தால் இது வாயடைப்பு மருந்தே இல்லை என்பாரும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். இரட்டை இழை ஆர்.என்.ஏ. வகையில் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து இதை எழுதும்வரை ஒன்றுமில்லை. இமெட்டெல்ஸ்டாட் சரத்தின் எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன். ஜாமெக்னிக் 1978ல் கோழி வைரஸின் மேல் ஏவியது போலவே இதிலும் 13. அவர் 2009ல், 96 வயதில் காலமாகிவிட்டார்.